குடும்பத் தகராறு என்று எழுதி மூடாதீர்கள்

செவ்வாய்க்கிழமை தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளியில் சந்தை. விடியும் முன்பே ஆடுகள் வந்து இறங்கிவிடும். வியாபாரம் முடித்தவர்கள் பணத்தை மடியில் முடிந்துகொண்டு டீக்கடைப் பெஞ்சுக்கு வருவார்கள். செய்தித்தாளில் முதலில் தேடுவது மாவட்டப் பக்கத்தைத்தான். சில மாதங்களுக்கு முன் அப்படியொரு காலையில் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரண்டு பிள்ளைகளின் தாய் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்திருந்தது. மொத்தம் ஆறு வரி. ஐந்தாவது வரியில் காரணம்: குடும்பத் தகராறு. ஆறாவது வரியில், போலீசார் விசாரித்து வருகிறார்கள்.

பெஞ்சிலிருந்த பெரியவர் தாளை மடித்து வைத்தார். "வூட்டுக்கு வூடு வாசப்படி. பொறுத்துப் போயிருக்கணும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். பேச்சு கிடா விலைக்குப் போய்விட்டது.

அவர் கெட்டவர் இல்லை. அந்த ஊரில் நாலு பேருக்கு நல்லது செய்கிறவர் என்று தெரியும். நான் மறுக்க வந்தது அவரை அல்ல, அவர் வாயில் வந்த கருத்தை. அது அவருடையது மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இதே கருத்துத்தான். வீட்டுக்குள் வரும் துன்பம் அந்த வீட்டின் சொந்த விஷயம். அதை நாலு சுவருக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் கூட்டுக் குடும்பமாக இருந்தார்கள், பெரியவர்கள் பேசித் தீர்த்தார்கள். இந்தக் காலத்தில் தாங்கும் சக்தி இல்லை, அதனால் உடைந்துபோகிறார்கள். பட்டிமன்றத்திலும் கல்யாண மேடையிலும் காவல் நிலைய வாசலிலும் இதைத்தான் கேட்கிறோம். ஒரு பொய்யான மருந்துச் சீட்டைப் பல தலைமுறையாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் வாதம். அந்தச் சீட்டால் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. காரணம் என்று போட்டிருக்கும் பட்டியலில் முதலில் நிற்பது குடும்பப் பிரச்சினை, 31.7 விழுக்காடு. நோய் 18.4. கடன் என்ற தலைப்பில் வெறும் 4.1. இதைப் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? கடனால் சாகிறவர்கள் குறைவு, வீட்டுச் சண்டையால் சாகிறவர்கள்தான் அதிகம் என்றுதான் நினைப்பார். ஆனால் இறந்தவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள் என்று அதே கணக்கு சொல்கிறது. கட்டட வேலைக்குப் போய் மூன்று மாதமாகக் கூலி வராத ஒருவன், வட்டிக்காரன் வாசலில் வந்து நின்ற அன்று இரவு மனைவியோடு சண்டை போட்டுவிட்டு உயிரை விட்டால், அவனை எந்தத் தலைப்பில் எழுதுவார்கள்? கடைசியாக நடந்தது சண்டை. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதும் சண்டைச் சத்தம். வாக்குமூலத்தில் வருவதும் அதுதான். படிவத்தில் ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குடும்பப் பிரச்சினை என்று விழுகிறது. விழுந்ததும் கோப்பு மூடப்படுகிறது. வட்டிக்காரனின் பெயர் அதில் இல்லை. கூலி கொடுக்காதவன் பெயரும் இல்லை.

இதற்கு அண்ணன் ஒன்று உண்டு, நம் செய்தித்தாள்களை முப்பது ஆண்டாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்: தீராத வயிற்று வலி. எத்தனை பெண்கள் இந்த வயிற்று வலியால் செத்ததாகப் படித்திருக்கிறோம்! வழக்கு வரக்கூடாது, தங்கையின் கல்யாணம் நின்றுவிடக்கூடாது, பெயர் கெடக்கூடாது என்று எல்லாரும் கூடிப் பேசிக் கண்டுபிடித்த நோய் அது. வயிற்று வலியும் குடும்பத் தகராறும் செய்கிற வேலை ஒன்றுதான். இரண்டும் கேள்வி கேட்கிறவனைத் திண்ணையோடு திருப்பி அனுப்பிவிடுகின்றன.

என் பெரியப்பா வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் சொந்தத்தில் அது சண்டைக்கார வீடு என்று பேர் எடுத்த வீடு. பெரியப்பா நாற்பது வயதிலேயே குனிய முடியாமல் போனார். கழுத்தைத் திருப்ப வேண்டுமானால் உடம்பையே திருப்புவார். களை வெட்டப் போனால் பாதியில் வந்து படுத்துவிடுவார். பெரியம்மா விடிந்ததிலிருந்து அவரைச் சோம்பேறி என்று திட்டுவாள். அவர் தட்டை வீசுவார். ஊரார் இரண்டு முறை உட்கார வைத்துப் பேசினார்கள். "அவ வாய அடக்கணும், இவன் வேலைக்குப் போகணும்" என்று தீர்ப்புச் சொன்னார்கள். வெகு நாள் கழித்து ஒரு மருத்துவ முகாமில்தான் ஒரு டாக்டர் அவர் பல்லைப் பார்த்தார், முதுகைத் தட்டிப் பார்த்தார், எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். புளோரைடு. பல்லில் கறையாக வந்து எலும்பில் இறங்கும் நஞ்சு. தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் அது அளவுக்கு மேல் இருக்கிறது என்பது அரசுக்கு நெடுநாளாகத் தெரிந்த செய்தி. 1,928 கோடி ரூபாய் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அதன் முழுப் பெயரிலேயே புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்பது உண்டு. 2013இல் திறந்தார்கள். பெரியப்பாவுக்குக் காவிரித் தண்ணீர் வந்தபோது அவர் எலும்பு இறுகி முடிந்திருந்தது.

இருபது ஆண்டுச் சண்டை. அந்தச் சண்டை எங்கிருந்து வந்தது? குடத்திலிருந்து வந்தது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசியதெல்லாம் பெரியம்மாவின் வாயைப் பற்றி. அவள் கடைசி வரை தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். "நான் அவரத் திட்டாத இருந்திருக்கலாம்" என்று அவள் சொன்னபோது எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இன்று தெரிகிறது. நாலு சுவருக்குள் பேசித் தீர்த்துக்கொள் என்று சொன்ன அந்த அறிவுரை மேல்தான்.

தண்ணீர் ஒன்றுதானா? நல்லம்பள்ளி வட்டத்தில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. சேலம் - தருமபுரி நெடுஞ்சாலையில் இறக்கமும் வளைவுமான அந்த இடத்தில் பிரேக் பிடிக்காத லாரிகள் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிருக்கின்றன. 2024 ஜனவரி 24ஆம் தேதி நடந்த விபத்தை நாடே காணொளியில் பார்த்தது. நான்கு பேர் இறந்தார்கள். விபத்து அன்றைக்குச் செய்தி. அடுத்த ஆண்டு, சம்பாதித்தவனை இழந்த ஒரு வீட்டில் இழப்பீட்டுப் பணத்துக்காக மாமியாரும் மருமகளும் பேசாமல் போனால், பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனால், அது குடும்பப் பிரச்சினை. சாலையைப் போட்டவர்கள் அந்தப் பிரச்சினையில் எங்கும் இல்லை.

குடியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையில் விற்பது அரசு நிறுவனம் மட்டுமே. 2024-25இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். உலகத்தில் எந்தக் கணக்குப் பிள்ளையும் இவ்வளவு பெரிய தொகையைக் குடும்ப விஷயம் என்று எழுத மாட்டான். பணம் வரும்போது பொதுக் கணக்கு, அடி விழும்போது வீட்டுக் கணக்கு என்பது என்ன நியாயம்? குடிக்கிறவன் தானாகக் குடிக்கிறான், அரசு ஊற்றிக் கொடுக்கவில்லை என்பார்கள். சரி, அவன் பொறுப்பை நான் குறைக்கவில்லை. அடித்த கைக்குத் தண்டனை வேண்டும். ஆனால் அடிபட்டவளிடம் போய், அனுசரித்துப் போ, நீ அனுசரித்தால் அவன் திருந்துவான் என்று சொல்கிறோமே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. அவள் அனுசரிப்புக்கும் கடையின் நேரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனிக் கூட்டுக் குடும்பத்துக்கு வருகிறேன். இங்கேதான் நம்மவர்கள் மிகவும் உணர்ச்சிவசப்படுகிறார்கள். பாட்டி மடி, ஒரே அடுப்பு, பெரியவர் வாக்கு. அப்படி நல்ல வீடுகள் இருந்தன, நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் தருமபுரிக்காரன் ஒருவன் கூட்டுக் குடும்பத்தின் பொற்காலத்தைப் பேச வேண்டுமானால், 1980களையும் 1990களையும் தாண்டித்தான் பேச வேண்டும். அந்த ஆண்டுகளில் இந்த மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் எதற்காகப் பேசப்பட்டது? பெண் சிசுக் கொலைக்காக. சேலம், தருமபுரி, மதுரை, தேனி, திண்டுக்கல் என்று ஒரு வரிசை. அந்தக் குழந்தைகளைக் கொன்றது வீதியில் போன திருடன் இல்லை. தனிக்குடித்தனம் போன படித்த பெண்ணும் இல்லை. கூட்டுக் குடும்பத்தின் உள் அறையில், பெரியவர்கள் முடிவு செய்து, பெற்றவளைத் திரும்பிப் படுக்கச் சொல்லிவிட்டுச் செய்தார்கள். மூன்றாவது பெண்ணுக்கு வரதட்சணை எங்கிருந்து வரும் என்பது அந்த வீட்டின் மெய்யான நெருக்கடி. நெருக்கடியை நாலு சுவருக்குள்ளேயே பெரியவர்கள் பேசித் தீர்த்தார்கள். வெளியே ஒரு சத்தம் வரவில்லை. அக்கம்பக்கம் தெரிந்திருந்தும் கேட்கவில்லை, ஏனென்றால் அது அந்த வீட்டு விஷயம்.

பொறுத்துப் போதல், பெரியவர் சொல், வெளியே தெரியாமை - இன்று நாம் எதையெல்லாம் மருந்து என்று சொல்கிறோமோ அதெல்லாம் அந்த அறையில் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: வெளியாள்.

மாற்றம் எப்படி வந்தது? வீடு தானாகத் திருந்தியா? 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001இல் தருமபுரிக்கும் பிற மாவட்டங்களுக்கும் வந்தது. வளர்க்க முடியாவிட்டால் கொடுத்துவிடு, கேள்வி கேட்க மாட்டோம் என்று அரசு ஒரு தொட்டிலைப் பொது இடத்தில் வைத்தது. அதில் குறைகள் உண்டு. குழந்தையைக் கைவிடுவதற்கு வழி செய்கிறது என்று அன்றே கண்டித்தவர்கள் உண்டு, அந்தக் கண்டனத்தில் நியாயமும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் டென்மார்க் உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ் தருமபுரிக் கிராமங்களில் கலைப்பயணம் என்ற பெயரில் வீதி நாடகக் குழுக்கள் போயின. கிராம சுகாதார செவிலியர்கள் கர்ப்பிணியின் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். உள் அறையில் நடந்ததைத் தெருவில் பேச வைத்தார்கள். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2011இல் 913. அந்த இடைவெளியில் பிழைத்த பெண்கள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள், சிலர் தாயாகியும் இருப்பார்கள். வேலை முடிந்துவிடவில்லை என்பதும் உண்மை. கருவிலிருப்பது பெண்ணா என்று கள்ளத்தனமாக ஸ்கேன் பார்த்துச் சொல்லும் கும்பல்கள் அண்மை ஆண்டுகளிலும் இந்த மாவட்டத்தில் பிடிபட்டிருக்கின்றன. அந்த ஸ்கேனும் வெளியே தெரியாமல்தான் நடக்கிறது.

"வெளியே சொன்னால் மானம் போய்விடும்" என்று சொல்கிறவர்களை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். அவர்கள் பக்கம் ஒரு உண்மை இருக்கிறது. ஊர் வாய் கொடியது. அடி வாங்கியவள் ஒருத்தியிடம் சொல்ல, அது பம்புசெட்டு வரை போய், அவள் மேலேயே ஒரு கதையாகத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். புகார் கொடுக்கப் போனவளை, "பொண்ணாப் பொறந்தா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்மா" என்று ஒரு காவல் நிலையத்தில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்ததையும் கூடவே இருந்து பார்த்தவன் நான். ஆகவே வாயை மூடிக்கொள்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை. கணக்குப் போட்டுத்தான் மூடிக்கொள்கிறார்கள்.

ஆனால் இதிலிருந்து வர வேண்டிய முடிவு என்ன? வெளியே சொல்லாதே என்பதா, கேட்கிற காதைச் சரி செய் என்பதா?

இதற்கும் இந்த மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் 1989இல் தொடங்கியது தருமபுரியில்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு வந்த திட்டம் அது. வாரம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சேர்த்த அந்தக் கூட்டங்களைச் சேமிப்புத் திட்டம் என்று மட்டும் பார்க்கிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். கல்யாணமாகி வந்த பிறகு, கோயிலும் சாவு வீடும் தவிர வேறெங்கும் உட்கார இடமில்லாத பெண்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் வட்டமாக உட்கார்ந்தார்கள். கணக்கு நோட்டை மூடிய பிறகு பேச்சு ஆரம்பமாகும். யார் முகம் வீங்கியிருக்கிறது, யார் கழுத்தில் மஞ்சள் கயிறுதான் மிச்சம், யார் இரண்டு வாரமாக வரவில்லை என்று பதினைந்து பேருக்குத் தெரியும். வராதவள் வீட்டுக்கு இரண்டு பேர் போய்க் கதவைத் தட்டுவார்கள். பேச்சு ஊர் வாய் ஆகாமல் குழுவோடு நின்றது, ஏனென்றால் எல்லாருக்கும் ஒன்று சொல்ல இருந்தது. சாராயக் கடைக்கு முன் போய் உட்காரும் துணிவு பல ஊர்களில் இந்தக் குழுக்களிலிருந்துதான் வந்தது.

பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் இல்லை. அதே வட்டத்துக்குள் நுண்கடன் கம்பெனிகள் வந்து உட்கார்ந்தன. பெயர் அதேதான், குழு. ஆனால் இங்கே ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் எழுந்து போகக்கூடாது. யார் கஷ்டத்தில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வதற்காக இருந்த இடம், யார் கஷ்டத்தில் இருக்கிறாள் என்று காட்டிக்கொள்ள முடியாத இடமாக மாறிவிட்டது. திங்கட்கிழமை ஒரு கம்பெனி, புதன்கிழமை இன்னொன்று. இதைக் கட்ட அதில் வாங்கி, அதைக் கட்ட மீட்டர் வட்டிக்கு வாங்கி, கடைசியில் காதில் இருந்ததும் அடகுக் கடைக்குப் போகிறது. தவணை நாளில் பின்பக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு, வீட்டில் ஆளில்லாததுபோல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். நாலு சுவருக்குள் இருத்தல் என்பதன் முழு அர்த்தத்தையும் அங்கே பார்க்கலாம். அந்தக் கடன் பெரும்பாலும் கணவனுக்குத் தெரியாது. தெரியும் நாளில் வெடிக்கிறது. வெடித்ததற்குப் பெயர், மறுபடியும், குடும்பத் தகராறு. 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. கடன் வசூலில் மிரட்டுகிற கம்பெனிகளுக்கு எதிராக 2025இலும் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். இரண்டும் தேவைதான். ஆனால் வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண் எந்தச் சட்டத்தின் கீழும் புகார் எழுதமாட்டாள்.

தாங்கும் சக்தி இல்லை என்ற வாதம் மிச்சமிருக்கிறது. எனக்கு இதில்தான் அதிக வருத்தம், ஏனென்றால் இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தாங்கியவர்கள். "நாங்க படாததா?" என்று கேட்கும்போது அவர்கள் குரலில் வலி இருக்கிறது. பட்டீர்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்களோடு பட்ட எல்லாரும் இன்று பேச உயிரோடு இல்லையே. பிழைத்தவர்கள் சாட்சி சொன்னால் தாங்கும் சக்திதான் வென்றது என்றுதான் தோன்றும்.

இலங்கையைப் பாருங்கள். 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமாக இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. 1995இல் லட்சம் பேருக்கு 47 பேர் அளவில் இறந்தார்கள். அப்போதும் பலர் சொன்ன காரணம் இதேதான்: குடும்பச் சண்டை, காதல் தோல்வி, ஒரு நிமிடக் கோபம். அரசு யாருக்கும் பொறுமை பற்றி உபதேசம் செய்யவில்லை. மிகக் கடுமையான நச்சுள்ள பூச்சிமருந்துகளை 1995 முதல் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. இடையில் உள்நாட்டுப் போர் நடந்தது, சுனாமி வந்தது, குடும்பங்களில் சண்டை ஓயவில்லை. சிங்களவரும் தமிழரும் திடீரென்று திட மனம் பெற்றுவிடவுமில்லை. ஒரு கெட்ட இரவைத் தாண்ட அவர்களுக்கு வழி கிடைத்தது, அவ்வளவுதான். நம் பக்கத்திலேயே, சென்னையில் 1986இல் சிநேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் விவசாயிகளின் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் பூட்டிவைக்கும் முறையைச் செய்துபார்த்தார். ஆபத்தை வீட்டை விட்டு வெளியே எடுத்து வைத்தார்கள். பலன் தெரிந்தது. தருமபுரியில் ஒவ்வொரு தக்காளிக் காட்டுக்கும் பூந்தோட்டத்துக்கும் பக்கத்தில் இருக்கிற ஊர்களில் இதை ஏன் செய்யவில்லை என்று நம் ஊராட்சிகளைக் கேட்க வேண்டும்.

தற்கொலைக்கு முயன்றவர்களை மருத்துவமனையில் சேர்த்தால் வழக்கு வரும் என்ற பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்தால் முதல் மணி நேரத்தைக் கோட்டை விடுகிறார்கள். தெளிவாகச் சொல்கிறேன்: 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றச் சட்டத்திலும், தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309ஆம் பிரிவு இல்லை. இதை ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் எழுதிப்போட வேண்டும்.

வெளியே போனால் மட்டும் கிடைத்துவிடுமா என்று கேட்பீர்கள். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமைக்கு எதிராகத் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்த ஒரு குடும்பம், பச்சைக் குழந்தைகளோடு, நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டது. அவர்கள் நாலு சுவருக்குள் இருந்தவர்கள் இல்லை. வெளியே வந்தார்கள், சொன்னார்கள், எழுதிக் கொடுத்தார்கள். கேட்கவில்லை. அவர்களைப் பார்த்து, பொறுத்திருக்கலாமே என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

சொல்ல இடம் கிடைத்தால் நம் மக்கள் சொல்லத்தான் செய்கிறார்கள். தேய்பிறை அஷ்டமி அன்று அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கு வந்து பாருங்கள். சாம்பல் பூசணியில் விளக்கேற்றிக்கொண்டு வரிசையில் நிற்கும் ஆயிரக்கணக்கானவர்கள், பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வந்தவர்கள், ஒவ்வொருவர் உதட்டிலும் ஒரு வீட்டின் துன்பம் முணுமுணுக்கிறது. கடன், வழக்கு, குடி, பிள்ளை இல்லாமை, மகளின் கணவன். பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத அம்மாவிடம் அரை மணி நேரத்தில் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார்கள். வாயில்லாத மக்கள் இல்லை இவர்கள். கோயிலில் கிடைக்கும் அந்தக் காது ஊராட்சி அலுவலகத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

வீட்டுத் துன்பம் பொது விஷயம் என்பதை அரசே இந்த நல்லம்பள்ளி வட்டத்தில் நின்றுதான் ஒப்புக்கொண்டது. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் 2023 ஜூலை 24இல் தொப்பூரில் தொடங்கிவைத்தார். உதவித்தொகை என்று சொல்லவில்லை, உரிமைத் தொகை என்றார்கள். வீட்டுக்குள் பெண் செய்யும் வேலைக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். ஊரகப் பகுதிகளுக்கான மக்களுடன் முதல்வர் திட்டத்தை 2024 ஜூலை 11இல் தொடங்கியதும் இங்கே பாளையம்புதூரில். அந்த முகாம்களில் பட்டா மாறுதலுக்கு மேசை போட்டதுபோல, வீட்டில் அடி வாங்குகிறவளுக்கும் தூக்கம் போனவனுக்கும் ஒரு மேசை போடுங்கள். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மக்களைத் தேடி அவர்கள் வரவேண்டும், சந்தை நாளில் வரவேண்டும்.

மாவட்டச் செய்தியாளர்களிடம் கேட்கிறேன். அந்த ஐந்தாவது வரியை எழுதும் முன் இன்னொரு கேள்வி கேளுங்கள்: எதைப் பற்றிய தகராறு? பதில் கடன் என்றால் கடன் கொடுத்தவன் யார் என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் காரணம் என்று எதையும் எழுதாமல் விட்டுவிடுங்கள். ஒரு பெண்ணின் சாவுக்கு அவளுடைய பொறுமையின்மையைக் காரணமாக்குவதைவிட அந்த வரி காலியாக இருப்பது மேல்.

டீக்கடைப் பெரியவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஐயா, வீட்டுக்கு வீடு வாசற்படி என்பது உண்மைதான். வாசற்படி வைத்தது வெளியே வருவதற்கும், பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வருவதற்கும்தான். இன்று போகும்போது உங்கள் தெருவில் ஒரு மாதமாகக் கதவு திறக்காத வீடு எது என்று பாருங்கள். போய்த் தட்டுங்கள். அறிவுரை சொல்ல வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

இதைப் படிக்கிற யாருக்காவது இன்றைய இரவு தாண்ட முடியாததாகத் தெரிந்தால், 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. காசு இல்லை. தமிழில் பேசலாம். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.